கண்டவர் விண்டார்

அஸ்ஸலாமு அலைக்கும். தலைமை ஏற்றிருக்கும் ஜமாஅத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அரபிக் கல்லூரி முதல்வர் ஹஸ்ரத் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட ஹாஜியார் அவர்களே, இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, மாடியில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் சலாம். ஹஸ்ரத் அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சூஃபி ஞானி இப்னு அரபி என்றாலே முகம் சுளிப்பவர்கள் இருக்கிற காலத்தில், "தாராளமாகப் பேசுங்கள், நானே வந்து கேட்கிறேன்" என்றார், வந்தும் இருக்கிறார்.

நோட்டீஸில் மூன்று பேர் பெயர் போட்டிருக்கிறது. ஸ்பெயினின் முர்ஸியாவில் 1165-ல் பிறந்து 1240-ல் டமாஸ்கஸில் அடங்கிய இப்னு அரபி, சிரியாவின் அலெப்போவில் 1191-ல் உயிரைப் பறிகொடுத்த தத்துவ ஞானி சுஹ்ரவர்தி, ஈரானின் ஷீராஸில் பிறந்த தத்துவ ஞானி முல்லா சத்ரா. மூவரையும் இணைப்பது ஆலமுல் மிஸால் என்கிற நடு உலகம்.

கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்பார்கள். ஞானம் என்று யாராவது பேச்செடுத்தால் உடனே இந்தப் பழமொழியை எடுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள், பக்கம் பக்கமாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். சொல்ல முடிந்ததற்குக் காரணமே இந்த நடு உலகம்தான்.

கையால் தொடுகிற இந்த உலகம் ஒன்று. உருவமே இல்லாத ரூஹுகளின், அதாவது ஆன்மாக்களின் உலகம் ஒன்று. இரண்டுக்கும் இடையில், உருவம் உண்டு, நிறம் உண்டு, நீள அகலம்கூட உண்டு, ஆனால் ஜடப்பொருள் இல்லை என்கிற ஓர் உலகம் இருக்கிறது என்கிறார்கள் இவர்கள். மர்யம் (அலை) அவர்கள் முன்னால் வானவர் ஜிப்ரீல் முழு மனிதராக வந்து நின்றதை குர்ஆனில் ஓதுகிறோம். நபிகள் நாயகம் (ஸல்) கனவில் ஒரு கிண்ணம் பால் கொடுக்கப்பட்டு, நகக்கண்ணில் வழிகிற அளவுக்குக் குடித்துவிட்டு மிச்சத்தை உமர் (ரலி) அவர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பால் எதைக் குறிக்கிறது என்று தோழர்கள் கேட்டபோது, கல்வி என்றார்கள். கல்விக்கு ஏது நிறம், ஏது ருசி? அந்த உலகத்தில் அது பாலாக வருகிறது. இப்னு அரபி ஃபுஸூஸ் என்ற தன் நூலில் இந்த ஹதீஸை எடுத்துத்தான் கனவுக்கு விளக்கம் தேட வேண்டும் என்பதை நிறுவுகிறார்.

இதெல்லாம் வெறும் கற்பனைதானே என்று தம்பிமார்கள் கேட்பீர்கள். அதற்கும் அவரிடம் பதில் இருக்கிறது. நம் மனதோடு ஒட்டியிருந்து, நாம் நினைப்பை விட்டால் மறைந்துபோகும் உருவங்கள் ஒரு வகை. நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் தனியாக நிற்பவை இன்னொரு வகை. சுஹ்ரவர்தி இந்த இரண்டாவதை அந்தக் காலத்தவர் உலகத்தைப் பிரித்த ஏழு நிலப்பகுதிகளுக்கும் அப்பால் எட்டாவது நிலம் என்றே சொல்லி, அதில் ஜாபல்கா, ஜாபர்ஸா என்று ஊர்களுக்குப் பெயரும் சொன்னார். நாற்பது வயதைத் தொடுமுன்னே அவரைக் கொன்றுவிட்டார்கள்.

இப்போது ஸ்பெயினின் கொர்டோபாவுக்குப் போவோம். அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய இப்னு ருஷ்த் அந்த ஊர் காஜி, அதாவது நீதிபதி. இப்னு அரபி இன்னும் மீசை தாடி முளைக்காத பையன். பையனுக்கு ஏதோ ஞானத் திறப்பு கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, பெரியவர் வரச்சொல்கிறார். பையனின் வாப்பாவுக்கு அவர் நண்பர், அதனால் வாப்பாவே ஒரு வேலையைச் சாக்காக வைத்துப் பையனை அனுப்பிவிடுகிறார். பையன் உள்ளே நுழைந்ததும் இப்னு ருஷ்த் எழுந்து வந்து கட்டித் தழுவி, "ஆம்?" என்கிறார். பையனும் "ஆம்" என்கிறான். பெரியவர் முகம் மலர்கிறது. ஏன் மலர்கிறது என்று புரிந்ததும் பையன் "இல்லை" என்கிறான். முகம் வாடிப்போகிறது. தியானத்தில் நீங்கள் கண்டதும் நாங்கள் அறிவால் கண்டதும் ஒன்றுதானா என்று கேட்கிறார். "ஆம், இல்லை. அந்த ஆமுக்கும் இல்லைக்கும் நடுவில்தான் உயிர்கள் உடலைவிட்டுப் பறக்கின்றன" என்கிறான் பையன். பெரியவர் வெளிறிப்போய் நடுங்கினாராம். ஆம் இல்லை இரண்டுக்கும் நடுவே ஓர் இடம், கவனித்தீர்களா!

அப்புறம் இருவரும் நேரில் பேசவே இல்லை. 1198-ல் மராக்கெஷில் இப்னு ருஷ்த் இறக்கிறார், உடலைப் பிறகு கொர்டோபாவுக்குக் கொண்டுவருகிறார்கள். பொதி மிருகத்தின் ஒரு பக்கம் பெட்டியில் உடல். மறுபக்கம் எடை சமமாக இருக்க அவர் எழுதிய கிதாபுகள், அதாவது நூல்கள். இப்னு அரபி பக்கத்தில் நின்று பார்க்கிறார். கூட நின்றவர்களில் ஒருவர் கிதாபுகளை நகல் எடுப்பவர். "பாருங்கள், ஒரு பக்கம் இமாம், மறுபக்கம் அவர் எழுதியவை" என்று முதலில் சுட்டிக்காட்டியதும் அவர்தான். நகல் எடுப்பவர் கண்ணுக்குத்தானே அது படும்!

அந்த இமாமின் கிதாபுகள் பல அரபியில் இன்று இல்லை. பிளேட்டோவின் குடியரசுக்கு அவர் எழுதிய உரை ஹீப்ருவில்தான் மிஞ்சியிருக்கிறது. இப்னு அரபியின் பெரிய நூலான ஃபுதூஹாத்தோ அவர் கைப்படவே 37 தொகுதிகளாக இன்றும் இஸ்தான்புல்லில் இருக்கிறது. ஏன்? அவர் மாணவர் சத்ருத்தீன் கூனவி அதைத் துருக்கியின் கோன்யாவில் தன் நூலகத்தோடு வக்ஃபாக, அதாவது அறக்கொடையாக எழுதிவைத்தார். கண்டவர் விண்டார், ஒருவர் அதைக் காப்பாற்றினார், அதனால்தான் இன்று நாம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நம் வீட்டு நிலைமை என்ன? கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியவர்கள் அரபுத் தமிழில், அதாவது அரபி எழுத்தில் தமிழை எழுதிய மண்ணில், மச்சுப் பெட்டியில் கிதாபு செல்லரித்துக் கிடக்கிறது. தொட்டால் ஓரம் பொடியாக உதிர்கிறது. அரபி எழுத்துக்கு மரியாதை என்று சொல்லி அதைக் கிணற்றில் இறக்கிவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் போனது போனதுதான். கண்டவர் விண்டிலர் என்று நாமே சொல்லிக்கொண்டு, விண்டதைத் தண்ணீரில் போடுகிறோம்.

முல்லா சத்ராவை அடுத்த அமர்வில் எடுத்துக்கொள்வோம், இஷா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு இதே மண்டபத்தில் நம் பிள்ளைகள் கேமராவோடு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் இருக்கிற கையெழுத்துக் கிதாபுகளை, ஒற்றைத் தாளாக இருந்தாலும், துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். தூசி தட்ட வேண்டாம், டேப் ஒட்ட வேண்டாம். கிதாபை யாரும் வாங்கிவைத்துக்கொள்ள மாட்டோம். உங்கள் கண் முன்னால் படம் எடுத்து, உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். வஸ்ஸலாம்.