பங்குக் கணக்கும் சம்பளக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். முதல் வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கும், அவர்களைச் சென்னைக்கும் திருப்பூருக்கும் வழியனுப்புகிற பெற்றோருக்கும், பணி நியமன ஆணையில் வருகிற சொற்களை விளக்கும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த ஆணைகளைத் தயாரித்துக் கொடுத்தவன் நான். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர், கையெழுத்து எந்த இடத்தில் போட வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை.

ஆனால் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல என்பதுதான் என் கட்சி. விசைப்படகு கரைக்கு வந்து, இறாலும் நண்டும் விலை போனதும், அந்த முழுத் தொகையைத் தன் வருமானம் என்று எந்தத் தொழிலாளியும் வீட்டில் சொல்வதில்லை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழிந்து, படகுக்கு உரியதும் போன பிறகு கைக்கு வருவதே பங்கு என்பது பாம்பனிலும் மண்டபத்திலும் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதே வீட்டுப் பிள்ளை கம்பெனி வேலைக்குப் போகும்போது மட்டும் இந்த அறிவு எங்கே போய்விடுகிறது என்று எனக்கு விளங்குவதில்லை.

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். என்னை அண்ணன் என்று அழைக்கும் ஓர் அம்மா, மகனுக்கு ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்த மகிழ்ச்சியில், மாதம் இருபதாயிரம் என்று தாமே வகுத்து, மாதம் எட்டாயிரம் ரூபாய் கட்டுகிற ஏலச் சீட்டு ஒன்றிலும் சேர்ந்துவிட்டார். முதல் மாதம் மகன் கணக்கில் விழுந்தது 15,608 ரூபாய். மீதி நாலாயிரத்துச் சொச்சத்தை மகன் எந்த வழியில் செலவழித்தான் என்பதுதான் அந்த அம்மாவின் கவலை. நாகர்கோவிலில் இருந்த தம்பியை அனுப்பி விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. பையனோ, தன்னிடம் யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்கிறானே தவிர, யார், எதற்கு என்று அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் சம்பளச் சீட்டைக் கைப்பேசியில் வரவழைத்து என்னிடம் காட்டினார்கள்.

காகிதம் இல்லாமல் கேட்பவர்களுக்காக மெதுவாகச் சொல்கிறேன். ஆணையில் இருந்த தொகைக்கு மேலே சி.டி.சி. என்று மூன்று எழுத்துகள் இருந்தன. ஓர் ஆளை ஓராண்டு வேலைக்கு வைத்திருக்க நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு என்பது அதன் பொருள். அதாவது, படகு கரைக்குக் கொண்டுவந்த மொத்த மீனின் விலை. அந்த இருபதாயிரத்துக்குள் நிறுவனம் தன் பங்காகக் கட்டுகிற பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதி 1,200, ஈ.எஸ்.ஐ. என்னும் மருத்துவக் காப்பீடு 550, வேலையை விட்டு விலகும்போது தருகிற பணிக்கொடைக்காக ஒதுக்குகிற 481, ஆண்டுக்கு ஒருமுறை தருகிற போனஸின் மாதக் கணக்கு 833 எல்லாம் அடங்கியிருந்தன. இவை போக மிஞ்சிய 16,936 ரூபாய்தான் மொத்தச் சம்பளம். அதிலிருந்து பையனின் சொந்தப் பங்காக பி.எஃப். 1,200, ஈ.எஸ்.ஐ. 128 கழிந்தால் 15,608. ஒரு ரூபாயும் தொலையவில்லை. அம்மா சேர்ந்த சீட்டுதான் பெரிய சீட்டாகப் போய்விட்டது.

ஆகவே வேலை தருகிறவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைவிட, மாதம் கைக்கு எவ்வளவு வரும், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று இரண்டாகக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் வைத்தே பி.எஃப். கணக்கிடப்படுகிறது, பொதுவாகத் தொழிலாளி 12 விழுக்காடும் நிறுவனம் 12 விழுக்காடும் செலுத்த வேண்டும். பிடித்தம் என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். பிடிப்பது ஒரு பங்கு, சேர்வது இரண்டு பங்கு என்பதையும், நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகிறது என்பதையும் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஈ.எஸ்.ஐ. என்பது மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கான மருத்துவக் காப்பீடு. அவர்களைச் சார்ந்திருக்கிற பெற்றோரும் அதில் சிகிச்சை பெறலாம்.

பி.எஃப். பற்றிப் பேசத் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன் என்பது என்னுடன் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் பி.எஃப். உறுப்பினருக்குத் தருகிற யு.ஏ.என். என்கிற 12 இலக்க எண்ணைச் சொல்லாமல் விட முடியாது. அது ஒருவருக்கு ஒன்றுதான். எத்தனை கம்பெனி மாறினாலும் அதே எண். புதிய இடத்தில் சேரும்போது, முன்பு எங்கும் வேலை பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு இரண்டாவது எண் வாங்கியவர்கள், பழைய பணத்தை எடுக்க அலைந்த அலைச்சலைப் பல முறை பார்த்திருக்கிறேன். இதைவிடப் பெரிய தொல்லை பெயர். அந்தோணி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பதை என் கோப்புகளில்தான் கற்றுக்கொண்டேன். மதிப்பெண் பட்டியலில் ஒரு விதம், ஆதாரில் இன்னொரு விதம், வங்கிக் கணக்கில் தகப்பனார் பெயர் முழுதாக, பான் அட்டையில் முதலெழுத்து மட்டும். வேலைக்குப் போகுமுன் இவற்றை ஒன்றாக்குங்கள். மறுபடியும் சொல்கிறேன், வேலைக்குப் போகுமுன்.

நேரம் முடியப் போகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் சைகை காட்டுகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் பற்றி எழுதி வந்த இரண்டு பக்கங்களை மடித்து வைக்க வேண்டியதுதான். தகுதிகாண் காலம் என்பது நீங்கள் நிரந்தரம் ஆவதற்கு முந்தைய சோதனை மாதங்கள். அது முடிந்ததும் உறுதி செய்த கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். நோட்டீஸ் காலம் என்பது வேலையை விட முன்கூட்டியே தெரிவிக்க வேண்டிய நாட்கள். முன்பணத்தைத் தீர்க்காமல் அடுத்த படகில் ஏறுவது எப்படி வம்போ, இதைக் கழிக்காமல் நின்றுவிடுவதும் அப்படித்தான். விடுவிப்புக் கடிதம் கைக்கு வராது, அடுத்த கம்பெனி அதைத்தான் முதலில் கேட்கும். இன்னும் ஒன்று, அசல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். வணக்கம்.