படியளக்கிறவரின் கைகள்

பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் கடவுள் படியளக்கிறார் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சரி, அளக்கிறார். யார் கையால் அளக்கிறார்?

எனக்கு இந்தக் கேள்வி வந்தது வழிபாட்டு நேரத்தில் இல்லை, ஒரு சாண உருண்டையைப் பார்த்தபோது. விரல் நகம் அளவு கறுப்பு வண்டு, தலையைக் கீழே வைத்து, பின்னங்கால்களால் தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போகிறது. மேட்டில் ஏறும்போது உருண்டை நழுவி அதையும் புரட்டிக்கொண்டு கீழே வந்துவிடுகிறது. எழுந்து மறுபடியும் தள்ளுகிறது. அப்புறம் ஓரிடத்தில் மண்ணைப் பறித்து உருண்டையோடு உள்ளே இறங்கிவிடுகிறது. அது தனக்கும் தன் புழுவுக்கும் சோறு சேர்க்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வேலையிலேயே தழைச்சத்து வேருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வண்டு வராவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா பார்த்தது. 1788இல் ஐரோப்பியர்கள் அங்கே மாடுகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்த மண்ணின் வண்டுகளோ கங்காருவின் உலர்ந்த புழுக்கைக்குப் பழகியவை, மாட்டுச் சாணத்தைப் பெரும்பாலும் சீண்டவில்லை. சாணம் மாதக்கணக்கில் கிடந்து காய்ந்தது, அடியில் புல் செத்தது, மேலே ஈ பெருத்தது. ஜார்ஜ் போர்னெமிஸா என்ற பூச்சியியலாளரின் யோசனைப்படி, 1960களின் கடைசியிலிருந்து ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு தேசமே ஒரு வண்டுக்காகக் காத்திருந்தது என்பதை நினைக்க நினைக்க எனக்குக் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

கடலிலும் இதே கதைதான். ஸ்பெர்ம் திமிங்கிலம் வெளிச்சமே எட்டாத ஆழத்தில் போய்க் கணவாய் தின்கிறது, மூச்சுவிட மேலே வருகிறது, மேலே வந்துதான் கழிக்கிறது. அதில் இரும்புச்சத்து இருக்கிறது. அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலின் மேல்மட்டத்தில் குறைவாக இருப்பது அதுதான். அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் தழைக்கின்றன. உலகத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில்தான் நடக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கழிவு என்று ஒதுக்குகிறோமே, படைத்தவர் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார் என்றே நம்புகிறேன்.

சாணத்தை ஏற்றுக்கொள்வது சுலபம். சாவை ஏற்றுக்கொள்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் மாரா ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இனத்தின் கூட்டங்களில் ஆண்டுக்குச் சராசரியாக 6,000க்கும் மேல் மூழ்கிச் சாகின்றன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள், எடையில் ஏறத்தாழ 1,100 டன். அந்தப் பக்கம் பச்சைப் புல் இருக்கிறது என்று நம்பித்தானே அவை ஆற்றில் குதித்தன! கருணையுள்ளவர் இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பல நாள் மனசுக்குள் குமைந்திருக்கிறேன். மூழ்கும் அந்த விலங்கின் பக்கத்தில் நின்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை, இருப்பதுபோல மேடையில் நடிக்கவும் மாட்டேன்.

ஆனால் ஆறு கொஞ்சம் பதில் சொல்கிறது. முதலை தின்பது கொஞ்சம்தான். பிணந்தின்னிக் கழுகுகளும் மராபு நாரைகளும் தின்று, அந்தச் சத்தைத் தங்கள் கூடு இருக்கிற தூரத்துக்குக் கொண்டுபோகின்றன. சதை சில வாரங்களில் கரைந்து மீனுக்கும் தண்ணீருக்கும் போய்விடுகிறது. எலும்பு மட்டும் கிடக்கிறது. அது முழுக்கக் கரைய ஏழு வருடம் ஆகிறது, அவ்வளவு நாளும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, சிறுகச் சிறுக விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த எலும்பின்மேல் வழுவழுப்பாக ஒரு பாசிப் படலம் படரும். கூட்டம் கடந்துபோய் மாதங்கள் ஆகி, கரையில் ஒரு குளம்படிகூட மிஞ்சாத நாளிலும், மீன்கள் வந்து அந்தப் படலத்தை மேய்ந்துகொண்டிருக்கின்றன.