குட்டைக் குழலுக்கு எந்த மருந்து? வேட்டை ரைஃபிளில் குழல் நீளமும் மருந்துத் தேர்வும்

(திரையில்: மேசைமேல் இரண்டு ரைஃபிள்கள். போல்ட் கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது.)

வணக்கம். இந்த ரெண்டு துப்பாக்கியுமே .308 வின்செஸ்டர்தான், அதாவது ரெண்டும் சுடறது ஒரே வகைத் தோட்டா. ஒண்ணோட குழல் 24 அங்குலம், இன்னொண்ணு 18 அங்குலம். மத்தபடி எந்த வித்தியாசமும் இல்ல. தோட்டாவைத் தானே நிரப்புற ஒருத்தர்கிட்ட இந்தக் குட்டைக் குழலைக் காட்டினா, பெரும்பாலும் இந்த யோசனைதான் வரும்: "குழல் சின்னது, அதனால வேகமா எரியுற வெடிமருந்தா போடுங்க. மெதுவா எரியுற மருந்து பாதி எரியறதுக்குள்ள குண்டு வெளிய போயிடும்."

கேட்டா நியாயமாத்தான் தெரியும். ஆனா அது சரியில்ல. வேட்டை ரைஃபிள்ல மருந்தைத் தீர்மானிக்கிறது உறையோட (மருந்தை அடைக்குற பித்தளைக் கூடு) கொள்ளளவும் குண்டோட எடையும்தான். குழலோட நீளம் கிடையாது. இது ஏன்னு புரிஞ்சிட்டா, குழலை எவ்வளவு நீளத்துல வாங்கணும்கிறதும் தானா தெளிவாயிடும்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். எந்தத் தோட்டாவுக்கு எத்தனை கிரெயின் (மருந்து, குண்டோட எடையைச் சொல்ற சின்ன அலகு) மருந்துன்னு ஒரு எண் கூட இந்த வீடியோவுல வராது. அந்த எண்ணை மருந்துக் கம்பெனியோ குண்டுக் கம்பெனியோ வெளியிடுற மேனுவல்ல மட்டும்தான் பாக்கணும்.

(திரையில்: அழுத்த வரைபடம். கோடு செங்குத்தாக ஏறி, பிறகு சரிவாக இறங்குகிறது.)

பிரைமர் (உறை அடியில இருந்து மருந்தைப் பத்த வைக்கிற சின்ன மூடி) பத்தினதும் உறைக்குள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். புகையில்லா மருந்துக்கு ஒரு குணம் இருக்கு. அழுத்தம் ஏற ஏற அது எரியுற வேகமும் ஏறும். 1884-ல ரைஃபிளுக்கான புகையில்லா மருந்தை உருவாக்கின பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய் பேர்லயே இதுக்கு ஒரு விதி உண்டு. திறந்த வெளியில கொஞ்சம் மருந்தைக் கொளுத்தினா சும்மா புஸ்ஸுன்னு எரிஞ்சு அடங்கிடும். அதையே பித்தளை உறைக்குள்ள அடைச்சு முன்னாடி குண்டை வெச்சு மூடினா கதை வேற. எரியறதால அழுத்தம் ஏறுது, அழுத்தம் ஏறினதால இன்னும் வேகமா எரியுது.

இதை அடக்குறது குண்டோட நகர்வு. குண்டு முன்னாடி போகப் போக பின்னாடி இடம் பெருசாகுது, அழுத்தம் தணியுது. இந்த ரெண்டுக்கும் நடக்குற இழுபறிதான் திரையில இருக்குற கோடு. .308-க்கு அனுமதிச்ச உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அந்த உச்சம் வர்ற நேரத்துல குண்டு சுமார் ரெண்டு மூணு அங்குலம்தான் நகர்ந்திருக்கும். குழல் 18 அங்குலமா 24 அங்குலமான்னு அந்த இடத்துல மருந்துக்குத் தெரியாது. ரெண்டு துப்பாக்கிலயும் அதுவரைக்கும் நடந்தது ஒண்ணேதான்.

உச்சம் தாண்டி இன்னும் சில அங்குலம் போறதுக்குள்ள மருந்தோட பெரும்பகுதி வாயுவாகிடும். மீதி இருக்குற குழல் முழுக்க அந்த வாயு விரிஞ்சு குண்டைத் தள்ளுற வேலை மட்டும்தான் நடக்குது.

"அப்போ குட்டைக் குழல் வாயில அவ்வளவு பெரிய தீப்பிழம்பு வருதே, அது எரியாத மருந்து இல்லையா?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். அந்தப் பிழம்போட பெரும்பகுதி மருந்துத் துகள் இல்ல. மருந்து எரிஞ்சு வர்ற வாயுல கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நிறைய இருக்கு. ரெண்டுமே எரியக்கூடியது. சூடா வெளிய வந்து காத்துல இருக்குற ஆக்சிஜனோட கலந்ததும் மறுபடி பத்திக்குது. குழல் குட்டையானா அந்த வாயு இன்னும் சூடாவும் அதிக அழுத்தத்தோடயும் வெளிய வரும், அதனால பிழம்பும் பெருசு.

(திரையில்: அதே வரைபடத்தில் இரண்டாவது கோடு. உச்சம் ஒரே உயரம், இறங்கும் பக்கம் பருமன்.)

இப்போ வேகமான மருந்து, மெதுவான மருந்து. சுள்ளி சட்டுன்னு பத்தும், கட்டை நின்னு எரியும். மருந்துத் துகளோட அளவு, வடிவம், மேல பூசியிருக்குற தடுப்புப் பூச்சு இதெல்லாம் சேர்ந்து அந்த வேகத்தைத் தீர்மானிக்குது. வேகமான மருந்து கொஞ்சம் போட்டாலே அழுத்தம் எல்லையைத் தொட்டுடும். அதுக்கு மேல போட முடியாது. மெதுவான மருந்துல அதே எல்லைக்குள்ள இருந்துக்கிட்டே அதிக மருந்து போடலாம். அதிக மருந்துன்னா அதிக வாயு. உச்சம் ஒரே உயரம்தான், ஆனா உச்சத்துக்கு அப்புறம் கோடு சீக்கிரம் விழாது.

அதனாலதான் 24 அங்குலக் குழல்ல அதிக வேகம் கொடுத்த மருந்து, பொதுவா 18 அங்குலத்துலயும் அதிக வேகம் கொடுக்குது. ரெண்டு மருந்துக்கும் இடையில இருக்குற வித்தியாசம் குறையும், வரிசை பெரும்பாலும் மாறாது. நான் பேசுறது 16-லிருந்து 26 அங்குலம் வரைக்கும் இருக்குற வேட்டை ரைஃபிள் பத்தி. கைத்துப்பாக்கி அளவுக்குக் குட்டையான குழல்னா கணக்கு வேற.

இதுக்காக வேகமான மருந்தை ஒதுக்கிடவும் வேண்டாம். அதுல கொஞ்சம் மருந்துலயே வேலை முடியும், பின்னுதைப்பு சற்று குறையும், குழல் வாயில அழுத்தம் கம்மியா இருக்கறதால அதிர்வும் பிழம்பும் குறையும். அந்திப் பொழுதுல வேட்டைக்குப் போறவருக்குக் கண் கூசாம இருக்கறது பெரிய விஷயம். "எனக்கு விநாடிக்கு முப்பது நாப்பது அடி போனாலும் பரவாயில்ல, பிழம்பு குறையணும்"னு ஒருத்தர் தேர்ந்தெடுத்தா அது நல்ல முடிவுன்னே சொல்வேன். வேகம் கூடும்னு நினைச்சு தேர்ந்தெடுக்கறதுதான் தப்பு.

(திரையில்: .308 உறையும் .300 வின்செஸ்டர் மேக்னம் உறையும் பக்கத்துப் பக்கத்தில்.)

சரி, குழலைக் குறைச்சா எவ்வளவு வேகம் போகும்? .308-ல ஒரு அங்குலத்துக்கு விநாடிக்குத் தோராயமா 20-லிருந்து 25 அடி. மேக்னம் தோட்டால, அதாவது பெரிய உறையில நிறைய மருந்து போடற தோட்டால, 30-லிருந்து 50 அடி வரைக்கும் போகலாம். காரணம் உறைக்கும் குழலுக்கும் இருக்குற விகிதம். .308 உறைக்குள்ள இருக்குற இடத்தோட ஒப்பிட்டா, 24 அங்குலக் குழலோட முடிவுல வாயு கிட்டத்தட்ட எட்டு ஒன்பது மடங்கு விரிஞ்சிருக்கும். .300 வின்செஸ்டர் மேக்னத்துல உறை பெருசு, துளை அதே விட்டம். அங்க அஞ்சு ஆறு மடங்குதான் விரிஞ்சிருக்கும். அதாவது மேக்னத்துல குண்டு வெளிய போறப்பவும் வாயுகிட்ட நிறைய தெம்பு மிச்சம் இருக்கு. அந்த இடத்துல ஒரு அங்குலம் வெட்டினா இழப்பும் அதிகம்.

1960-கள்ல ரெமிங்டன் கம்பெனி மாடல் 600 வரிசையில மேக்னம் தோட்டாக்களை 18.5 அங்குலக் குழலோட வித்தாங்க. தூக்கிட்டு நடக்க அருமையான துப்பாக்கி. ஆனா 6.5 ரெமிங்டன் மேக்னம் மாதிரி தோட்டாவுக்கு அந்தக் குழல் போதல. பெரிய உறை வேணும்னா 24-லிருந்து 26 அங்குலக் குழலைச் சுமக்கத் தயாரா இருக்கணும். குட்டைக் குழல்தான் வேணும்னா .308 மாதிரி அளவான உறைக்குப் போறது புத்திசாலித்தனம். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

இப்போ களத்துக்கு வருவோம். .308-ல 150 கிரெயின் குண்டு 24 அங்குலத்துல விநாடிக்கு 2,800 அடின்னு வெச்சுக்குவோம். 18 அங்குலத்துல சுமார் 2,650 இருக்கும். 200 கெஜத்துல குறி சரிபண்ணின துப்பாக்கில, 300 கெஜத்துல ரெண்டுக்கும் இருக்குற இறக்க வித்தியாசம் ஏறக்குறைய ஒரு அங்குலம். அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க.

கவனிக்க வேண்டியது வேற. வேட்டைக் குண்டு மிருகத்து உடம்புல மலர்றதுக்குக் குறைஞ்சபட்ச வேகம் ஒண்ணு இருக்கு. சாதாரண ஈயக்கருக் குண்டுக்கு விநாடிக்குச் சுமார் 1,800 அடி, முழுச் செம்புக் குண்டுல சிலதுக்கு 2,000 அடி. அதுக்குக் கீழ போனா குண்டு மலராம ஊசி மாதிரி குத்திட்டு மறுபக்கம் போயிடும். மிருகம் காயத்தோட ஓடும், வலியில ரொம்ப நேரம் துடிக்கும். போன 150 அடி வேகத்தோட விலை, அந்த எல்லை சுமார் 60, 70 கெஜம் கிட்ட வந்துடறதுதான். உங்க குண்டோட அட்டைப்பெட்டில அந்தக் குறைஞ்சபட்ச வேகம் போட்டிருக்கும், இல்லன்னா கம்பெனிகிட்ட கேளுங்க. அதுதான் உங்க அதிகபட்ச தூரத்தை முடிவு பண்ணணும்.

சில இடங்கள்ல சட்டமும் இதுல நுழையுது. ஸ்காட்லாந்துல சிவப்பு மானுக்கு குழல் வாய் வேகம் விநாடிக்கு 2,450 அடிக்குக் குறையக் கூடாது. கனமான குண்டு, குட்டைக் குழல் ரெண்டும் சேர்ந்தா .308 அந்தக் கோட்டைத் தொட்டுக்கிட்டு நிக்கும்.

அடர்ந்த காடு, நூறு கெஜத்துக்குள்ள சுடறது, குழல் வாயில சத்தம் குறைப்பான் மாட்டறதுன்னா 18, 20 அங்குலமே தாராளம். குட்டைக் குழலால குறி கெடும்னு சொல்றதும் உண்மையில்ல. அதே தடிமன்ல குட்டைக் குழல் விறைப்பாதான் இருக்கும்.

(திரையில்: மருந்து டப்பாக்கள். லேபிள்கள் அருகில்.)

மருந்து வாங்கப் போறப்போ பேரை முழுசா படிங்க. ஐஎம்ஆர் 4831 வேற, எச் (ஹாட்ஜ்டன் கம்பெனி) 4831 வேற. எண் ஒண்ணுதான், ஆனா ஐஎம்ஆர் கொஞ்சம் வேகமா எரியும். எச் 4831-க்கான அளவை ஐஎம்ஆர்ல போட்டா அழுத்தம் எல்லை தாண்டலாம். 4350-ங்கற எண்லயும் ரெண்டு வேற வேற மருந்து இருக்கு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஹாட்ஜ்டன் கம்பெனியை ஆரம்பிச்ச புரூஸ் ஹாட்ஜ்டன் ராணுவ உபரி மருந்தை வாங்கி வித்தப்போ ஆரம்பிச்ச எண் குழப்பம் இது, இன்னிக்கும் தொடருது.

எந்தத் தோட்டாவுக்கு எந்த மருந்துன்னா, .308-க்கு 4895, 4064, வார்கெட், என் 140 இந்த வட்டாரம். 6.5 க்ரீட்மூர், .30-06-ல கனமான குண்டுன்னா 4350 பக்கம். .270, 7 மில்லிமீட்டர் மேக்னம்னா 4831, ரீலோடர் 22. இதுக்குள்ள எதை எடுக்கறதுன்னா, மேனுவல் அளவுல உறையை ஏறக்குறைய நிரப்புற மருந்தை எடுங்க. உறைக்குள்ள காலி இடம் அதிகமா இருந்தா மருந்து முன்னும் பின்னும் சரியும், வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறும். மெதுவான மருந்தை மேனுவல்ல போட்டிருக்கற ஆரம்ப அளவுக்கும் கீழ குறைக்கவே கூடாது. பெரிய உறைல அப்படிப் பண்ணி அழுத்தம் எதிர்பாராம எகிறித் துப்பாக்கி உடைஞ்சதும் உண்டு.

அடுத்தது வெயிலும் குளிரும். சில மருந்து சூட்டுல அழுத்தம் கூடும், குளிர்ல வேகம் குறையும். துகள் உருண்டையா இருக்குற மருந்துகள்ல இது பொதுவா அதிகம். ஹாட்ஜ்டனோட எக்ஸ்ட்ரீம் வரிசை மாதிரி, துகள் குச்சியா இருக்குற மருந்துகள் இதைக் குறைக்கறதுக்குன்னே தயாராகுது. கோடைல உச்ச அளவுக்குப் பக்கத்துல நிரப்பிட்டு, தோட்டாவை வெயில்ல நின்ன வண்டிக்குள்ள விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

மேனுவலோட ஆரம்ப அளவுல தொடங்குங்க. சின்னச் சின்னதா ஏத்துங்க. ஒவ்வொரு படியிலயும் குரோனோகிராஃப்ல (குண்டோட வேகத்தை அளக்குற கருவி) வேகத்தை எழுதி வைங்க. மேனுவல்காரங்க பெரும்பாலும் 24 அங்குலக் குழல்ல சோதிச்சிருப்பாங்க, எத்தனை அங்குலம்னு அந்தப் பக்கத்துலயே இருக்கும். உங்க 18 அங்குலத்துல அவங்க வேகம் வராது. அது வரணும்னு மருந்தைக் கூட்டாதீங்க. அங்குலத்தால போன வேகம் அது, அழுத்தம் ஏற்கெனவே எல்லைலதான் இருக்கு. குட்டைக் குழல்ல உங்க வேகம் மேனுவல் வேகத்தைத் தொட்டுட்டா சந்தோஷப்படாதீங்க, நிறுத்துங்க. போல்ட் தூக்கக் கடினமா இருந்தாலோ, உறை அடியில பளபளன்னு தேய்ப்புத் தடம் தெரிஞ்சாலோ, நீங்க எல்லையைத் தாண்டி வந்து ரொம்ப தூரம் ஆச்சு. மிச்சத் தோட்டாவைச் சுடாம குண்டை உருவி மருந்தைக் கொட்டிடுங்க.