பெட்டிச் சாவியை எப்போது கொடுப்பது?

அவையில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

வேலையிலிருந்து எப்போது ஓய்வு பெறுவது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மாதச் சம்பளக்காரர்களுக்கு இதில் பாதியை அரசே தீர்த்து வைத்திருக்கிறது. தமிழக அரசு ஊழியருக்கு 58 ஆக இருந்த வயது 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆயிற்று. தனியார் நிறுவனத்தில் பத்தாண்டு சேவை முடித்தவருக்கு வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் ஓய்வூதியம் 58 வயதில் வரும். வேலையை விட்டவர் 50 வயதிலிருந்தே கேட்டு வாங்கலாம். ஆனால் 58க்குக் குறைகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் நூற்றுக்கு 4 வீதம் பிடித்துக்கொள்வார்கள், அந்தக் குறைவு ஆயுள் முழுதும் தொடரும். அவசரப்பட்டு விண்ணப்பம் போடுமுன் இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கவலையெல்லாம் கடை வைத்திருப்பவர்களைப் பற்றியது. அவர்களுக்கு எந்த அரசாணையும் தேதி குறிப்பதில்லை.

நகரத்தாராகிய நம் முன்னோர் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் இருந்த தங்கள் வட்டிக்கடைகளுக்கு ஆள் அனுப்பியபோது, திரும்பி வரும் காலத்தையும் சேர்த்தே பேசி அனுப்பினார்கள். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் எடுபிடிப் பையனாகப் போனவர் அடுத்தாள் என்னும் உதவியாளராகி, பிறகு கடையை நடத்தும் மேலாளாகி, எத்தனை கெட்டிக்காரர் என்று பெயரெடுத்திருந்தாலும், தவணை முடிந்ததும் பேரேட்டையும் பத்திரங்களையும் பெட்டிச் சாவியையும் அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார். எவர் போனாலும் கடை நடக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர். 1942இல் ரங்கூன் ஜப்பானியர் வசமானபோது ஒப்படைக்க ஆளும் இல்லை, அவகாசமும் இல்லை. கணக்குப் புத்தகத்தைக்கூட எடுக்க முடியாமல் நடந்தே ஊர் வந்தவர்களின் துயரம் இந்த வட்டாரத்துக்குத் தெரியும்.

மகனுக்குத் திருமணம் முடிந்த கொஞ்ச காலத்திலேயே அரிசி, பருப்பு, பாத்திரம் கொடுத்து, அதே வீட்டில் தனி அடுப்பு மூட்டி ‘வேறு வைக்கிற’ வழக்கமும் நம்முடையதுதான். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே பிள்ளைகள் குடும்பம் நடத்தப் பழகிவிடட்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். அடுப்பை இருபத்தைந்து வயதில் நம்பிக் கொடுக்கிற நாம், காசோலைப் புத்தகத்தை நாற்பத்தைந்து வயதிலும் கொடுப்பதில்லையே! சரக்கு லாரி வாசலில் நிற்கிறது. பணம் அனுப்புவதற்கான ஓடிபி அப்பச்சியின், அதாவது அப்பாவின், கைபேசிக்கு வருகிறது. அப்பச்சியோ பகல் தூக்கத்தில் இருக்கிறார். எழுப்பவும் மனமில்லாமல், லாரிக்காரருக்கு பதில் சொல்லவும் முடியாமல் நிற்கிற மகனைக் காணும்போது என் மனம் வேதனைப்படுகிறது.

ஆகவே, ஓய்வுக்கு மூன்றாண்டுக்கு முன்பே கைமாற்றத்தைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் கொள்முதல், அடுத்து கடன் வசூல், ஏனென்றால் யாருக்கு எவ்வளவு தவணை கொடுக்கலாம் என்பது பழகித்தான் வரும், கடைசியாக வங்கிக் கையெழுத்து. ஒரு தீபாவளி வியாபாரம் உங்களைக் கேட்காமலேயே நடந்து முடிந்தால் நேரம் வந்துவிட்டது என்று அறியலாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பாகும். 60 வயதில் மாதம் 30,000 ரூபாயில் நடக்கிற குடும்பத்துக்கு 72இல் 60,000 வேண்டும், 84இல் 1,20,000 வேண்டும். சென்னையை விட்டு ஊருக்கே வந்து பங்காளிகளுக்கும் பங்குள்ள பெரிய வீட்டில் இருக்கலாம் என்று எண்ணுகிறவர்கள், ஓடு மாற்றுவதற்கும் மரவேலைகளைப் பழுது பார்ப்பதற்கும் ஆகிற செலவை, பங்காளிகள் தரக்கூடிய பங்கையும் கேட்டறிந்து, தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, ஆச்சியை, அதாவது மனைவியைக் கேட்காமல் தேதி குறிக்காதீர்கள். நீங்கள் வீட்டிலிருக்கத் தொடங்கும் நாளிலிருந்து அவருக்கு வேலை கூடுகிறது. மூன்று வேளைச் சாப்பாட்டோடு பத்து மணிக் காப்பியும் சேர்ந்துகொள்கிறது. அவருக்கு எப்போது ஓய்வு என்பதையும் அன்றே பேசி முடியுங்கள். வங்கி வைப்புக் கணக்குகளில் அவர் பெயர் நியமனதாரராக இருக்கிறதா என்பதை இந்த வாரமே வங்கியில் கேட்டுச் சரிபாருங்கள். வணக்கம்.