குழாய் போடக் காசு உண்டு, தண்ணீர் ஓடக் காசு எங்கே?

நடுவர் அவர்களே, சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பாதுகாப்பான குடிநீர் நிலைக்க வேண்டுமானால் முதலில் நிதி தேட வேண்டியது கட்டுமானத்துக்கா, பராமரிப்புக்கா? இதுதான் இன்றைய கேள்வி. பராமரிப்புக்கே என்று வாதாட எங்கள் அணி வந்திருக்கிறது. "குழாயே இல்லாத லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எதை ஐயா பராமரிப்பீர்கள்?" என்று எதிரணி நண்பர் கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். நியாயமான கேள்விதான். குழாய் இல்லாத டிவிசனுக்கு, அதாவது தோட்டப் பிரிவுக்கு, குழாய் போட்டே ஆகவேண்டும். போட்ட குழாய் மூன்றாம் வருடம் என்ன ஆகிறது என்பதை மட்டும் அவர் தொடவில்லை. அதை நான் சொல்கிறேன்.

கணக்குக்காக 200 குடும்பம் உள்ள ஒரு டிவிசனை எடுத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 80 லீற்றர் என்றால் நாளொன்றுக்கு 64,000 லீற்றர் வேண்டும். 20 லீற்றர் வாளி 27 செக்கனில் நிரம்பும் அளவுக்கு ஊற்று சுரந்தால்தான் அது கிடைக்கும். அதையும் பெப்ரவரி, மார்ச் வெயிலில் அளக்க வேண்டும். மழைக்காலத்தில் அளந்து திட்டம் போட்டால் முதல் கோடையிலேயே பாதி லயத்துக்குத் தண்ணீர் ஏறாது.

இனி மணல் வடிகட்டிக்கு வாருங்கள். மெதுவாக வடிக்கும் முறையில் மணிக்கு 15 சென்ரிமீற்றர் வீதம் தண்ணீர் இறங்கும். அப்படியானால் இந்த டிவிசனுக்கு ஏறத்தாழ 18 சதுர மீற்றர் மணல் படுக்கை வேண்டும். ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றது ஓட வேண்டும் என்பதால் அதை இரண்டாகப் பிரித்துக் கட்டுவார்கள். கிருமியைப் பெருமளவு பிடிப்பது மணலின் மேலே படியும் மெல்லிய உயிர்ப்படலம். ஓட்டம் குறையும்போது மேல்மணலை ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் சுரண்டி எடுக்க வேண்டும். படலம் திரும்ப உருவாகச் சில நாட்கள் ஆகும். சுரண்டிச் சுரண்டி மணல் அரை மீற்றருக்கு இறங்கினால் புது மணல் போட வேண்டும். இதையெல்லாம் செய்வதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர் வேண்டும். அப்படி ஆள் இல்லாத இடத்தில் நடப்பது என்ன? தென்மேல் பருவமழையில் பொகவந்தலாவ, மஸ்கெலியா பக்கம் கலங்கல் தண்ணீர் வந்து படுக்கை அடைத்துக்கொள்கிறது. "தண்ணி வரல" என்று சத்தம் கிளம்புகிறது. யாரோ ஒருவர் பைபாஸ் வால்வைத் திறந்துவிடுகிறார். அன்றிலிருந்து ஊற்றுத் தண்ணீர் வடிகட்டாமலே தொட்டிக்குப் போகிறது. அந்த வால்வைத் திரும்ப மூட ஒருவரும் வருவதில்லை.

மலையில் இன்னொரு சங்கடம், உயரம். பத்து மீற்றர் இறக்கத்துக்கு ஒரு பார் அழுத்தம். ஊற்றுக்கும் கடைசி லயத்துக்கும் 130 மீற்றர் வித்தியாசம் என்றால், இரவில் எல்லோரும் குழாயை மூடியதும் கீழே 13 பார் நிற்கும். பத்து பார் குழாய் அதைத் தாங்காது. அதனால்தான் இடையில் அழுத்தம் குறைக்கும் தொட்டி கட்டி, தொட்டி நிறைந்ததும் தானாக மூடும் மிதவை வால்வு பூட்டுகிறார்கள். அந்த வால்வின் ரப்பர் தேய்ந்தால் தொட்டி இரவெல்லாம் வழியும், காலையில் பிரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்க, போகிற நேரம் குழாயில் காற்றுத்தான் வரும். வழிகிற தண்ணீர் சரிவுக்குள் ஊறுவதும் ஆபத்து. 2014இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்த மண் இது. வால்வு மாற்றக் காசில்லாவிட்டால் தொட்டியைத் தாண்டி நேராகக் குழாயை இணைத்துவிடுவார்கள், கீழே ஒவ்வொரு மூட்டாக வெடிக்கும்.

வெடித்த மூட்டு தண்ணீரை வீணாக்குவதோடு நிற்காது. குழாய் வற்றும் நேரம் உள்ளே அழுத்தம் விழுந்து, பக்கத்து வடிகானில் ஓடுகிற கழிவை அதே ஓட்டை வழியே உள்ளே இழுக்கும். மஞ்சள் காமாலையும் நெருப்புக்காய்ச்சலும் லயத்துக்குள் வர இது ஒரு நேர்வழி.

குளோரின் செலவு பெரிதா? ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் இந்த டிவிசனுக்கு ஒரு நாளைக்கு 64 கிராம். 33 வீத வெளிற்றும் தூளில் அது 200 கிராமுக்குள் அடங்கும், மாதத்துக்கு ஆறு கிலோ. போட்ட பின் அரைமணி நேரம் தொட்டியில் நின்று, கடைசிக் குழாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்ச வேண்டும். பையைத் திறந்தபடி ஈரச் சுவரோரம் வைத்தால் தூள் வீரியம் இழந்துவிடும். போட்டதாகப் புத்தகத்தில் இருக்கும், தண்ணீரில் இருக்காது.

இப்போது காசுக்கு வருவோம். தண்ணீர் பார்ப்பவருக்கு மாதம் 30,000 ரூபா என்று வையுங்கள், குடும்பத்துக்கு 150. குளோரின், வால்வு, பரிசோதனைக்கு இன்னொரு 100. ஆக 250. திட்டம் ஒரு கோடி ரூபா, ஆயுள் 20 வருடம் என்றால், அதைத் திரும்பக் கட்ட மாதம் 41,667 ரூபா ஒதுக்க வேண்டும், குடும்பத்துக்கு இன்னும் 208. இந்த 208ஐப் பற்றித்தான் திறப்பு விழா மேடையில் யாரும் பேசுவதில்லை. யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்குக் காசில்லை.

"எல்லாவற்றையும் மக்களே கட்டட்டும், கிராமங்களில் நீர்ச் சங்கங்கள் நடத்தவில்லையா?" என்கிறார் எதிரணி நண்பர். கிராமத்தில் நிலமும் ஊற்றும் ஊராரின் கைக்குள். தோட்டத்தில் நிலம் அரசாங்கத்தினுடையது, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனியினுடையது, ஊற்றுக்கு மேலே மரக்கறித் தோட்டம் போடுவது வேறொருவர். ஊற்றைக் காக்கச் சங்கம் யாரிடம் போய் வேலி கேட்கும்? நாட்சம்பளத்தில், வேலை நாள் குறைகிற மாதத்தில், 458 ரூபா கேட்டால் முதலில் நிற்பது தண்ணீர்ச் சந்தாதான். ஓட்டச் செலவு 250ஐ மக்கள் தரட்டும், அதில் அவர்களுக்கு உரிமையும் பிறக்கும். மாற்றுச் செலவு 208ஐப் பிரதேச சபையும் கம்பனியும் தோட்டத்தின் பெயரில் தனிக் கணக்கில் போடட்டும். தோட்டத்துக்குள் செலவழிக்கச் சபைக்குச் சட்டம் தடை என்று முன்பு சொன்னார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டு அந்தத் தடை நீங்கிவிட்டது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எல்லாம் இன்று தனித்தனிச் சபைகள். வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி எழுத என்ன தடை?

நடுவர் அவர்களே, எங்கள் அணி கேட்பது இது. நிதி தருகிறவர் முழுப் பணத்தையும் கட்டுமானத்தோடு முடிக்கக் கூடாது. பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைக்கட்டும். இரண்டு பருவமழை கழியட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைசி லயத்துக் கடைசிக் குழாயில் மாதிரி எடுக்கட்டும். குளோரின் 0.2 எஞ்சியிருந்து, 100 மில்லிலீற்றரில் மலக்கிருமியான ஈ.கோலை ஒன்றுகூட இல்லையென்றால் மிச்சத்தை விடுவிக்கட்டும்.