திருகோணமலைக் குழாயில் கண்டித் தண்ணீர்! எப்படி வந்தது?

[திரை: சமையலறைக் குழாய். கிளாஸ் நிரம்புகிறது.]

உப்புவெளியில் குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் பிடிக்கிறீர்கள். அதில் ஒரு பங்கு கண்டி நகரத்தைத் தொட்டு வந்த தண்ணீர் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாவிட்டாலும் பரவாயில்லை, குடிக்காமல் கொஞ்சம் பொறுங்கள்.

வணக்கம் மக்களே. முதலில் பாடப்புத்தகத்தை முடித்துவிடுவோம். பெய்யும் மழை எல்லாம் வழிந்து ஒரே ஆற்றுக்கு வந்து சேரும் நிலம்தான் நீரேந்துப் பிரதேசம். மகாவலி இலங்கையின் மிக நீளமான ஆறு, 335 கிலோமீட்டர். மலைநாட்டில் பிறந்து நம்முடைய கொட்டியாரக்குடாவில் கடலோடு கலக்கிறது. முடிந்தது பாடம்.

[திரை: வரைபடம். பொல்கொல்லையில் சிவப்புப் புள்ளி.]

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். திருகோணமலை நகரத்துக்குக் குடிநீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது, அது எல்லோருக்கும் தெரியும். கந்தளாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சுற்றுவட்டாரத்து மழை ஒரு பக்கம். மற்றப் பக்கம், கண்டிக்குக் கீழே பொல்கொல்லையில் 1976இல் மகாவலியை மறித்து ஓர் அணை கட்டினார்கள். அங்கே ஆற்றின் ஒரு பகுதி மலைக்குள் நுழைகிறது. சுமார் எட்டுக் கிலோமீட்டர் சுரங்கம்! வெளியே வந்ததும் உக்குவெலையில் மின்சாரம் எடுத்துவிட்டு சுது கங்கையில் இறங்குகிறது, அப்புறம் அம்பன் கங்கை, போவத்தன்னை, எலஹெர. அங்கிருந்து பழைய அரசர் காலத்து வாய்க்கால் வழியாக மின்னேரியா, கவுடுல்ல, கடைசியில் நம் கந்தளாய். இந்தக் குளத்தைக் கட்டுவித்தவர் குளக்கோட்டன் என்ற அரசர் என்பது நம் ஊர்க் கதை. கண்டியின் சவர்க்கார நுரையும் இதற்குள் வரும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க மாட்டார்.

சரி, அணைக்கு மேலே என்னென்ன சேர்கிறது?

நுவரெலியாவில் கரட் கழுவும் இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் கரட்டை லொறி ஏற்றுவதற்கு முன் தண்ணீரில் போட்டு அலசுவார்கள். கரட் பளபளவென்று கொழும்புக்குப் போகிறது, சேறு ஓடைக்குப் போகிறது. சந்தையில் "இன்னும் சுத்தமானது இல்லையா?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கான விலையை ஆறு கட்டுகிறது. அதுவும் வெறும் மண் இல்லை. பசளையில் இருக்கும் பொஸ்பரஸ் என்ற சத்து மண் துகளில் ஒட்டிக்கொள்ளும் சாதி. சரிவில் மரக்கறிக்கும் உருளைக்கிழங்குக்கும் கொட்டிய பசளை, பெருமழை வந்தால் மண்ணோடு கிளம்பிவிடும். தேயிலைத் தோட்டத்திலும் மண் வெறுமையாகத் தெரியும் இடமெல்லாம் இதே கதைதான். 2021இல் இரசாயனப் பசளைக்கே தடை போட்டுப் பார்த்தார்கள், விளைச்சல் விழுந்தது, அந்த ஆண்டு முடியும் முன்பே பின்வாங்கினார்கள். பசளை வேண்டுமா வேண்டாமா என்று சண்டை பிடித்ததற்குப் பதில், மழைக்கு முதல் நாள் போடாதே என்று சொல்லிக் கொடுத்திருந்தால் மகாவலியாவது பிழைத்திருக்கும். இது என் அபிப்பிராயம், திட்டுபவர்கள் கீழே திட்டலாம்.

[திரை: கண்டி ஏரி, பிறகு மெத எல.]

அடுத்தது கண்டி. ஏரியிலிருந்து வழியும் தண்ணீர் மெத எல என்ற கால்வாயாக நகரத்துக்குள் ஓடி, கடைகளின், வீடுகளின் கழிவையும் வாங்கிக்கொண்டு மகாவலியில் விழுகிறது. ஆற்றங்கரைக்குப் பக்கத்திலேயே கொஹாகொடக் குப்பைமேடு, அதிலிருந்து ஊறும் கறுப்புத் தண்ணீருக்கும் அதே ஆறுதான். இரண்டுமே பொல்கொல்லைக்கு மேலே! கன்னொருவையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டியது நல்ல வேலை, ஆனால் அதன் குழாயோடு இணையாத வீடுகளின் கழிவு அங்கே போகாதே.

"ஐயோ, அப்படியானால் குடிக்கலாமா?" குடிக்கலாம். அரிசி களைந்த தண்ணீரை அசையாமல் வைத்தால் வெள்ளை அடியில் படியுமே, அந்த வேலையை வழியில் உள்ள குளங்கள் ஒவ்வொன்றும் செய்கின்றன. மிச்சத்தைக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம், மணல் வடிகட்டி, குளோரின் பார்த்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், குளத்தில் தங்கும் அந்தப் பசளைச் சத்து பாசிக்கு விருந்து. 1999இல் கண்டி ஏரியே நீலப்பச்சைப் பாசி பொங்கிப் பச்சையாகிப் போனது. அந்த வகைப் பாசியில் சில நஞ்சை விடும், கொதிக்க வைத்தாலும் அது போகாது. தண்ணீர் கலங்கக் கலங்க சுத்திகரிப்புச் செலவும் ஏறும்.

கண்டிக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. கந்தளாய் வயல்களின் வடிச்சல் நம் பக்கத்துக் கடலுக்குத்தான் வருகிறது. கிண்ணியாப் பக்கம் ஆற்று மணலைத் தோண்டத் தோண்ட அடிமட்டம் இறங்கி உப்புநீர் உள்ளே ஏறும்.

[திரை: நிலாவெளி. மணல் நிலத்தில் வெங்காயப் பாத்தி, பக்கத்தில் கிணறு.]

நிலாவெளியைப் பாருங்கள். இங்கே தண்ணீர் கெட ஆறே தேவையில்லை. யூரியாவைப் போட்டுத் தண்ணீர் இறைத்தால், அதிலிருந்து உருவாகிப் பயிர் எடுக்காமல் மிஞ்சும் நைட்ரேட் மணல் வழியே நேரே கிணற்று நீருக்குள் இறங்கும். மலசலகூடக் குழியும் அருகில் இருந்தால் அதுவும் கூட்டு. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருப்பது கைக்குழந்தைகளை நினைத்துத்தான், கூடினால் அவர்களின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கத் தடுமாறும். நம் அம்மம்மாக்களின் வைத்தியம் இங்கே பலிக்காது: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் வற்றிய அளவுக்கு இன்னும் செறிவாகும்!

நிலாவெளி, குச்சவெளி ஆட்கள் கொமெண்டில் சொல்லுங்கள், உங்கள் கிணற்றுக்கும் வெங்காயப் பாத்திக்கும் எத்தனை அடி? வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொமெண்ட் அப்புறம். முதலில் ஒரு சுத்தமான போத்தலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், நைட்ரேட் எவ்வளவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.