சுவரை எழுப்புனது டயர் இல்லண்ணே

நடுவர் அய்யாவுக்கும் சபைக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா விஷயத்துக்கு வர்றேன். ரேஸ் டீம்கள் தங்களுக்கு வேணுங்கற டயர் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க விடணுமா, இல்ல எல்லாருக்கும் ஒரே டயரை மாட்டி விட்டுரலாமா? விடணும், அதுதான் எங்க அணி.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் போற போக்குல ஒரு போடு போட்டாரு. "ரப்பருக்காக ஒரே வீட்டுக்குள்ள குறுக்குச் சுவர் எழுப்புன ஆளுங்கதானய்யா நீங்க"ன்னாரு, நீங்களும் கை தட்டிட்டீங்க. அண்ணே, நல்ல கதை அது, ஆனா பாதிலயே விட்டுட்டு உக்காந்துட்டீங்க, மீதியை நான் சொல்றேன்.

2007 மோட்டோ ஜிபி, உலக சாம்பியன் பட்டத்துக்கான பைக் ரேஸ். ரோஸி யமஹாவுல, டயர் மிஷெலின். ஸ்டோனர் டுகாட்டியில, டயர் பிரிட்ஜ்ஸ்டோன். பட்டம் ஸ்டோனருக்குப் போயிருச்சு. ரோஸி அதுவரைக்கும் ஏழு தடவை உலக சாம்பியன், சும்மா இருப்பாரா, எனக்கும் பிரிட்ஜ்ஸ்டோன்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னு அடுத்த வருஷம் வாங்கிட்டாரு. அதே யமஹாவுல 2008ல புதுசா வந்து சேர்ந்தான் லொரென்ஸோ, அவனுக்கு மிஷெலின். ஒரே டீம், ஒரே பைக்கு, ஆனா ரெண்டு டயர் கம்பெனி, இந்த டயரோட ரகசியம் அந்த டயர்காரனுக்குத் தெரியக்கூடாதுன்னு கேரேஜுக்கு நடுவுல சுவர். இதுவரைக்கும் அண்ணன் சொன்னாரு.

இப்போ சுவருக்கு அந்தப் பக்கம் வாங்க. 20 வயசுப் பையன், பெரிய பைக்ல முதல் வருஷம். சுவருக்கு இந்தப் பக்கம் யாரு? ரோஸி! ஊரு உலகமே அவரு பக்கம். அப்படி இருக்கும்போது அந்தப் பையன் முதல் ரேஸ்ல போல் பொசிஷன், அதாவது எல்லாருக்கும் முன்னாடி நின்னு கிளம்புற இடம், ரெண்டாவது ரேஸ்ல போல் பொசிஷன், மூணாவது ரேஸ், எஸ்டோரில், அதுலயும் போல் பொசிஷன், அதோட நிக்கல, அந்த ரேஸையே ஜெயிச்சுட்டான். திரும்பச் சொல்றேன், கேட்டுக்கங்க, ரோஸி வேண்டாம்னு ஒதுக்குன டயர்ல ஓட்டி ஜெயிச்சான்! பெரியவரு கழட்டிப் போட்டதை ஒரு பையன் மாட்டிக்கிட்டு முன்னாடி போறான்னா, அதுதான அய்யா பந்தயம்? அந்த வருஷக் கடைசில பட்டம் ரோஸிக்குத்தான், அதையும் நான் மறைக்கல, அவரு தேர்ந்தெடுத்தது அவருக்குப் பலிச்சுது.

இன்னொண்ணு, அண்ணன் சொல்லாம விட்டது இதுதான். 2009ல மோட்டோ ஜிபி முழுக்க ஒரே கம்பெனி டயர்னு ஆக்கிட்டாங்க. ரோஸிக்கும் பிரிட்ஜ்ஸ்டோன், லொரென்ஸோவுக்கும் பிரிட்ஜ்ஸ்டோன். மறைக்க டயர் ரகசியம் இல்ல. சுவரை இடிச்சாங்களா? இடிக்கலண்ணே! அப்படியே நின்னுச்சு. அப்போ சுவரை எழுப்புனது டயரா, ரெண்டு மனுஷங்களுக்குள்ள இருந்த போட்டியா? ஒரே டயர் குடுத்தா ஒத்துமை வரும்னு பேசினீங்களே, அந்தச் சுவரைப் போய்க் கேளுங்க.

ரப்பர் ரப்பர்னு அலட்சியமா வேற சொன்னாரு. ஒரு ரேஸ் பைக்கு மண்டியிட்டு வளையும்போது தரையைத் தொடுற ரப்பர் உள்ளங்கை அளவு இருக்குமா? இஞ்சினோட மொத்த பலமும், பிரேக் போடுற வேகமும், ஓட்டுறவன் உசுரும் அந்த உள்ளங்கை வழியாத்தான் தரைக்குப் போகுது. ரப்பர் மெத்துன்னு இருந்தா நல்லாப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டியா இருந்தா ரொம்ப தூரம் தாங்கும், பிடிப்பு போயிரும். சூடு ஏறிப் போச்சுன்னா கையில நெருப்பு பட்ட மாதிரி கொப்புளம் கிளம்பும். இந்த விஷயத்தை ரெண்டு கம்பெனி ரெண்டு விதமா யோசிச்சாத்தான் சின்னவனுக்கு ஒரு வழி கிடைக்கும்.

ஃபார்முலா ஒன் கார் ரேஸ்ல நடந்த இண்டியானாபோலிஸ் 2005 பத்தி எதிரணியில எல்லாரும் பேசுவாங்க. 20 காருல மிஷெலின் போட்ட 14 காரும் டயர் தாங்காதுன்னு ரேஸ் ஓட்டாமலே கேரேஜுக்குள்ள போயிருச்சு, 6 காருதான் ஓடுச்சு, காசு குடுத்து வந்த ஜனம் ஏமாந்துச்சு. தப்புதான். ஆனா 2013 சில்வர்ஸ்டோன்ல எல்லாருக்கும் ஒரே பிரெல்லி டயர்தானே, முன்னாடி போய்க்கிட்டிருந்த ஹாமில்டனோட இடது பின் டயர் கிழிஞ்சுது, மாஸா, வெர்ன்னு வரிசையா கிழிஞ்சுது. அன்னைக்கு அவங்களுக்கு வேற டயர் கேக்கக்கூட வழி இல்லையே.

அய்யா, மணி அடிச்சிராதீங்க, ஒரே ஒரு மனுஷனைப் பத்திச் சொல்லிட்டு உக்காந்துக்கறேன்.

டேமன் ஹில். 1996ல வில்லியம்ஸ் டீம்ல ஃபார்முலா ஒன் உலக சாம்பியன். சாம்பியன் ஆகறதுக்கு முன்னாடியே, அடுத்த வருஷம் நீ வேணாம்னு டீம்ல சொல்லிட்டாங்க. 1997ல அவரு போன இடம் ஆரோஸ், அதுவரைக்கும் ஒரு ரேஸ்கூட ஜெயிக்காத டீம். மெல்போர்ன்ல ரேஸ் தொடங்கறதுக்கு முந்தின சுத்துலயே காரு நின்னுருச்சு, சாம்பியன் கீழ இறங்கி நிக்கிறாரு. பெரிய டீமெல்லாம் குட்இயர் போட்டுக்கிட்டாங்க, ஆரோஸ் அந்த வருஷம்தான் முழுசா உள்ள வந்த பிரிட்ஜ்ஸ்டோனை நம்பி இறங்குச்சு.

ஆகஸ்ட், ஹங்கேரியில ஹங்கரோரிங் ரேஸ் மைதானம், கொளுத்துற வெயில். ஷூமாக்கரோட ஃபெராரி குட்இயர் டயர்ல கொப்புளம் கிளம்பிருச்சு. 11வது லேப், முதல் வளைவு, ஹில் உள்பக்கம் புகுந்து அவரைத் தாண்டுறாரு. ஆரோஸ் ஃபெராரியைத் தாண்டுது அய்யா! அதுக்கப்புறம் அவரைப் பிடிக்க ஆளே இல்ல, அரை நிமிஷத்துக்கு மேல இடைவெளி. வேணாம்னு வெளிய அனுப்பின மனுஷன், யாரும் மதிக்காத டீமு, எல்லாரையும் பின்னாடி விட்டுட்டுப் போறாங்க.

மொத்தம் 77 லேப். இன்னும் ரெண்டு மூணு லேப்தான் பாக்கி. காரோட ஹைட்ராலிக் கோளாறு, கியர் விழல, வேகம் எடுக்கல. டயர்ல ஒரு குறையும் இல்ல. கடைசி லேப்ல வில்னவ் புல்லுல ஏறித் தாண்டிப் போறாரு, அதுவும் எந்த டீமோட காருல? ஹில்லை வெளிய அனுப்பின அதே வில்லியம்ஸ். நம்ம ஆளு அந்தக் காரை உருட்டிக்கிட்டு வந்து ரெண்டாவதா கோட்டைத் தாண்டினாரு.

ஆரோஸ் 2002ல மூடிட்டாங்க, கடைசி வரைக்கும் ஒரு ரேஸ்கூட ஜெயிக்கல. ஆனா அந்த ஒரு மத்தியானம் அவங்களுக்கு இருந்துச்சு, அது அவங்க தேர்ந்தெடுத்த டயரால வந்துச்சு. அந்த மத்தியானத்தை அவங்ககிட்ட இருந்து பிடுங்கற மாதிரி மட்டும் தீர்ப்பு சொல்லிராதீங்க அய்யா. வணக்கம்.